எழுபது வளைவும் ஒரு ஸ்போர்ட்ஸ் காரும்

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்குப் பேருந்தில் ஏறியிருக்கிறீர்களா? நாமக்கல் மாவட்டத்திலுள்ள அந்த மலைப்பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. வளைவுக்கு வளைவு ஓட்டுநர் கியரைக் குறைப்பார். எஞ்சின் உறுமும். வண்டி மெல்லத் திரும்பி அடுத்த வளைவை நோக்கி ஏறும். இப்படிப்பட்ட மலைப்பாதைகளில், பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஓரமாக நிற்கும் பழைய கார்களைக் காணலாம். ரேடியேட்டரிலிருந்து ஆவி வந்துகொண்டிருக்கும்.

அதே கார் சேலம் நெடுஞ்சாலையில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடியபோது அதற்கு ஒன்றும் ஆகவில்லை. மலையிலோ அதன் வேகம் 25 கிலோமீட்டர்தான். வேகமாக ஓடியபோது கொதிக்காத கார், மெதுவாக ஏறும்போது ஏன் கொதிக்கிறது?

விடை காற்றில் இருக்கிறது. ஓடுகிற காருக்குக் காற்று இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, காரைத் தடுப்பது. மற்றொன்று, எஞ்சினைக் குளிர்விப்பது. முதல் வேலையைக் குறைக்க வேண்டும். இரண்டாவது வேலையைக் கூட்ட வேண்டும். பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை எடுத்துக்கொண்டு, இவற்றை எப்படிச் செய்வது என்று பார்ப்போமா?

சென்னைக் காரின் உறவினர்

1960களில் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 'ஹெரால்டு' என்ற காரைத் தயாரித்தது. உங்கள் தாத்தாவைக் கேட்டால் நினைவுகூர்வார். அது இங்கிலாந்தின் டிரையம்ப் நிறுவனத்தின் கார். இத்தாலியரான மிக்கலாட்டி அதற்கு வடிவம் கொடுத்தார். அந்த ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி, அதன்மேல் இருவர் அமரும் தாழ்வான உடலைப் பொருத்தி, 1962-இல் டிரையம்ப் வெளியிட்ட ஸ்போர்ட்ஸ் காரே 'ஸ்பிட்பயர்'. அதற்கும் வடிவம் கொடுத்தவர் மிக்கலாட்டிதான். 1980 வரை அது தயாரிக்கப்பட்டது. பழைய கார்களைப் பேணுவோர் இன்றும் அதை ஓட்டுகிறார்கள்.

இந்த ஸ்பிட்பயர் ஒன்று, இருவரை ஏற்றிக்கொண்டு, மொத்தம் 900 கிலோ எடையுடன் நம் ஊர்ச் சாலையில் ஓடுவதாக வைத்துக்கொள்வோம்.

சமவெளியில் தடுக்கும் காற்று

சைக்கிளில் எதிர்காற்றில் போகும்போது காற்று உங்களைப் பின்னால் தள்ளுகிறது அல்லவா? காற்றே வீசாத நாளிலும், ஓடும் காருக்கு அத்தகைய எதிர்விசை உண்டு. அதற்குக் காற்றிழுவை என்று பெயர். காரின் முகப்புப் பரப்பு, அதன் வடிவம், காற்றின் அடர்த்தி, வேகம் ஆகிய நான்கும் அதைத் தீர்மானிக்கின்றன. வடிவத்தின் பங்கைக் குறிக்கும் எண்ணை இழுவைக் குணகம் என்கிறோம்.

நம் காரின் முகப்புப் பரப்பை 1.4 சதுர மீட்டர் என்றும், இழுவைக் குணகத்தை 0.4 என்றும் கொள்வோம். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் காற்றிழுவை ஏறத்தாழ 65 நியூட்டன். வேகத்தை 100 கி.மீ. ஆக்கினால்? இரு மடங்கு அன்று, நான்கு மடங்கு! அதாவது 260 நியூட்டன். இழுவை, வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதே காரணம். அதை எதிர்க்கச் செலவாகும் திறனோ எட்டு மடங்காகிறது. 50 கி.மீ. வேகத்தில் 0.9 கிலோவாட் போதும், 100 கி.மீ. வேகத்தில் 7.2 கிலோவாட் வேண்டும்.

ஆகவேதான் பந்தயக் கார் செய்பவர்கள் வடிவத்தில் இவ்வளவு கவனம் செலுத்துகிறார்கள். திறந்த ஸ்பிட்பயரில், முன்கண்ணாடியைத் தாண்டிய காற்று இருக்கைகளுக்கு மேல் சுழல்களாக உடைகிறது. சுழல்களை உண்டாக்கச் செலவாகும் ஆற்றல் எஞ்சினிலிருந்துதான் வர வேண்டும். 1964, 1965 ஆண்டுகளில் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஓடிய ஸ்பிட்பயர்களுக்கு, பின்புறம் சரிந்து இறங்கும் கூரை பொருத்தப்பட்டது. 1965-இல் அக்கார் தன் பிரிவில் முதலிடம் பெற்றது.

கண் ஏமாறும்

வழவழப்பாகத் தோன்றும் கார்களுக்கு எல்லாம் இழுவை குறைவு என்று எண்ணிவிடாதீர்கள். 1961-இல் வெளியான ஜாகுவார் ஈ-டைப் உலகின் அழகான கார்களில் ஒன்றாகப் புகழப்படுவது. விமானத் தொழிற்சாலையில் பணியாற்றிவிட்டு வந்த மால்கம் சேயர் கணித முறைப்படி அதன் வளைவுகளை வரைந்தார். எனினும் அதன் இழுவைக் குணகம் சுமார் 0.44 என்று அளக்கப்பட்டிருக்கிறது. இன்றைய சாதாரணக் குடும்பக் கார்களே 0.3 அளவில் இருக்கின்றன!

ஆகவே காற்று போகும் வழியைக் கண்ணால் காணச் செய்ய வேண்டும். சேயர் கார் முழுவதும் கம்பளி நூல் துண்டுகளை ஒட்டி அதை ஓட்டச் செய்து பார்த்தார். காற்று ஒழுங்காகப் போகும் இடத்தில் நூல் படிந்து கிடக்கும். சுழலும் இடத்தில் அது துள்ளும். விமானங்களைச் சோதிக்கும் காற்றுச் சுரங்கங்களிலும் இம்முறை உண்டு. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் 14 அடி அகலமும் 9 அடி உயரமும் உள்ள அத்தகைய சுரங்கம் ஒன்று இருக்கிறது.

மலையில் மாறும் கணக்கு

இப்போது நம் காரைக் காரவள்ளிக்குக் கொண்டுவருவோம். 15 மீட்டர் போனால் 1 மீட்டர் உயரும் ஏற்றம்; வேகம் மணிக்கு 25 கி.மீ. காற்றிழுவை வெறும் 16 நியூட்டன். காரைக் கீழ்நோக்கி இழுக்கும் புவியீர்ப்பின் பங்கோ ஏறத்தாழ 590 நியூட்டன்! இங்கே சரிவான கூரையால் பயன் ஏதும் இல்லை. மலையில் நமக்கு வேண்டியது, காற்று ரேடியேட்டரின் ஊடே போவதுதான்.

சாலைக்கும் டயருக்கும் இடையிலான தடையையும் சேர்த்துக் கணக்கிட்டால், சமவெளியில் 100 கி.மீ. வேகத்தில் ஓட ஏறத்தாழ 11 கிலோவாட் தேவை. மலையில் 25 கி.மீ. வேகத்தில் ஏற 5 கிலோவாட் தேவை. பெட்ரோல் எஞ்சின், தான் செய்யும் வேலைக்கு ஏறக்குறைய இணையான வெப்பத்தை ரேடியேட்டர் நீரிலும் இறக்குகிறது. எனவே மலையில் வெப்பம் ஏறத்தாழப் பாதியாகிறது. ஆனால் எதிரே வரும் காற்றின் வேகம் காலாகிவிடுகிறது! காற்றை ரேடியேட்டருக்குள் தள்ளும் அழுத்தமோ பதினாறில் ஒரு பங்காகிவிடுகிறது. கார் ஏன் கொதிக்கிறது என்று இப்போது தெரிகிறதா?

போதாக்குறைக்கு, உயரம் ஏற ஏற நீரின் கொதிநிலையும் குறைகிறது. 1200 மீட்டர் உயரத்தில் திறந்த பாத்திரத்து நீர் சுமார் 96 டிகிரி செல்சியசிலேயே கொதித்துவிடும். இதைச் சமாளிக்கத்தான் ரேடியேட்டர் மூடியில் ஸ்பிரிங் வைத்து, உள்ளே அழுத்தத்தைக் கூட்டி, 100 டிகிரிக்கு மேலும் நீர் கொதிக்காமல் காக்கிறார்கள். சூடான எஞ்சினில் அந்த மூடியைத் திறந்தால் அழுத்தம் சட்டென்று விழும். நீர் ஒரே கணத்தில் பொங்கி முகத்தில் பாயும். எஞ்சின் நன்றாக ஆறும்வரை யாரையும் திறக்க விடாதீர்கள்!

அட்டைத் துண்டின் அருமை

காற்று எளிதான வழியைத்தான் தேடும். ரேடியேட்டரின் நெருக்கமான தகடுகளுக்கு ஊடே புகுவது கடினம். அதன் பக்கவாட்டு இடுக்கு வழியே நழுவுவது எளிது. அதனால் முகப்பில் நுழைந்த காற்றில் ஒரு பகுதி எந்த வேலையும் செய்யாமல் போய்விடுகிறது.

மெதுவாகப் போகும்போது இன்னொரு தீங்கும் உண்டு. எஞ்சினோடு சுழலும் விசிறி முன்புறக் காற்றை உறிஞ்சுகிறது. இடுக்கு திறந்திருந்தால், எஞ்சினைச் சுற்றியுள்ள சூடான காற்றே பக்கவாட்டில் சுற்றிவந்து மறுபடியும் ரேடியேட்டருக்குள் புகும். சுடுநீரைச் சுடுகாற்றால் ஆற்ற முடியுமா?

இதற்காகவே ஸ்பிட்பயரில் ரேடியேட்டரின் இரு பக்கமும் அட்டைத் தடுப்புகள் இருந்தன. ஆம், வெறும் அட்டை! ஆண்டுகள் செல்லச் செல்ல அவை நனைந்து கிழிந்து போயின; பலர் அவற்றை மீண்டும் பொருத்தவில்லை. பழைய கார் கொதித்தால் பெரிய ரேடியேட்டர் வாங்குவதற்கு முன், அந்த அட்டை இருக்கிறதா என்று பார்ப்பதே அறிவு. அட்டையோ அலுமினியத் தகடோ வைத்து இடுக்கை அடைத்தால் போதும்.

உள்ளே போன காற்று வெளியேறவும் வழி வேண்டும். அது காரின் அடியில் வெளியேறுகிறது. முன்பம்பருக்குக் கீழே ஒரு தடுப்புத் தகடு பொருத்தினால், வேகமாக ஓடும்போது அதன் பின்னால் அழுத்தம் குறைந்து காற்றை வெளியே இழுக்கும். ஆனால் 25 கி.மீ. வேகத்தில் இத்தகடு ஏறக்குறைய ஒன்றும் செய்யாது. எந்தத் திருத்தம் எந்த வேகத்துக்கு என்று கேட்டுவிட்டே செய்ய வேண்டும்.

இறங்கும்போது

ஏறிய கார் இறங்க வேண்டுமே! 900 கிலோ கார் 1000 மீட்டர் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல் 88 லட்சம் ஜூல். 30 டிகிரியில் உள்ள 30 லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும். இதில் பெரும்பகுதியும் பிரேக்கில் இறங்கினால் என்ன ஆகும்? பிரேக் பட்டைகள் பிடிப்பு இழக்கும். பிரேக் திரவம் கொதித்தால் மிதி 'பொத்'தென்று உள்ளே போகும், வண்டி நிற்காது.

பந்தயக் கார்களில் குழாய் வைத்துப் பிரேக்குக்குக் காற்றைக் கொண்டுபோவார்கள். மெதுவாக இறங்கும்போது அந்தக் காற்றும் போதாது. ஆகவே ஏறிய அதே தாழ்ந்த கியரில் இறங்க வேண்டும். எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும், பிரேக் ஆறும். எரிபொருள் மிச்சமென்று நியூட்ரலில் இறங்குவது உயிரோடு விளையாடுவதாகும்.

செய்து பாருங்கள்

கொசுவலைத் துணியை எட்டு மடிப்பாக மடித்து, சட்டமொன்றில் கட்டி, மேசை விசிறியின் முன் இரண்டு அடி தள்ளி நிறுத்துங்கள். இதுதான் உங்கள் ரேடியேட்டர். வலைக்குப் பின்னால் மெல்லிய காகித நாடாவைத் தொங்கவிடுங்கள். நாடா எவ்வளவு அசைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வலையின் நான்கு விளிம்புகளிலிருந்தும் விசிறியை நோக்கி நீளும்படி அட்டைச் சுவர்கள் வையுங்கள். விசிறியின் வேகத்தை மாற்றவில்லை, வலையையும் மாற்றவில்லை. நாடா இப்போது எப்படி ஆடுகிறது? விசிறியைக் குறைந்த வேகத்தில் வைத்தும் செய்து பாருங்கள். இரண்டு அளவுகளையும் ஒப்பிட்டால், கொல்லிமலை ஏறும் காருக்கு ஓர் அட்டைத் துண்டு எவ்வளவு உதவும் என்பதை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.