வேலியே பயிரை மேயாதிருக்க
இணையக் கம்பி எட்டாத தோட்டக் கொட்டிலுக்கு ஒரு காவற்கண்

விதைப்பது ஒரு வேலை. விளைந்ததைக் காப்பது அதனிலும் பெரிய வேலை. கமம் செய்தவர் எவரும் இதனை அறிவர். வன்னியிலே நெல் முற்றும் காலத்தில் வயலோரத்து மரத்திற் பரண் கட்டி, யானைக்கும் பன்றிக்கும் தீப்பந்தம் காட்டித் தகரம் தட்டி இரவைக் கழித்தோர், இம்மலரைக் கையிலெடுக்கும் பெற்றோரிடையேயும் இருக்கக்கூடும். யாழ்ப்பாணத்திலே வெங்காயத் தறைக்கு நீர் இறைத்து முடிந்ததும், இறைப்பு இயந்திரத்தைச் சைக்கிள் கரியரிற் கட்டி வீட்டுக்குக் கொண்டு வந்து சேர்த்த பின்னரே இராச்சோறு உண்ட குடும்பங்கள் பல.

நாம் வாழும் பலெர்மோவிலும் இக்கவலை நீங்கவில்லை. எமக்கு அறிமுகமான குடும்பத்தினர் நகருக்கு வெளியே, மிசில்மேரிப் பக்கமாக, சிறியதோர் எலுமிச்சைத் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்து, மரங்களுக்கிடையே கத்தரியும் மிளகாயும் வெண்டியும் பயிரிட்டு வந்தனர். ஒரு கோடையிலே, கொட்டிலின் பூட்டை உடைத்து நீர்ப்பம்பியையும் செப்புக் கம்பிகளையும் யாரோ கொண்டு போய்விட்டனர். புதுப் பம்பி வாங்கிப் பூட்டுவதற்குள் செடிகள் யாவும் கருகிவிட்டன. மரங்களும் இலை உதிர்த்தன. பம்பியின் விலையை உழைத்து ஈட்டலாம். இழந்த ஒரு போகத்தை எங்கிருந்து ஈட்டுவது?

கமரா ஒன்றைப் பொருத்த அவர்கள் எண்ணியபோது, இணையக் கம்பி அவ்விடத்துக்கு வராது என்ற விடையே கிடைத்தது. அதன்பின் அவர்களோடு சேர்ந்து நாமும் தேடினோம், தவறினோம், கற்றுக் கொண்டோம். கற்றதை இங்கு எழுதுகின்றோம்.

எலுமிச்சையும் காவலாளியும்

பலெர்மோவைச் சூழ்ந்த சமவெளிக்குக் கொங்கா தோரோ என்று பெயர். ‘பொற்சிப்பி’ என்பது அதன் பொருள். இன்று அடுக்குமாடி வீடுகள் நிறைந்துள்ள இந்நிலம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எலுமிச்சையும் தோடையும் செழித்த தோட்டமாக விளங்கியது. இங்கிருந்து கப்பல்களில் அமெரிக்காவுக்கும் பிரித்தானியாவுக்கும் எலுமிச்சை சென்றது. சாக்குல்லிப் பகுதியிலே குளிர்காலக் கடைசியிற் பழுக்கும் மந்தரீனோத் தோட்டங்கள் அப்பழைய வளத்தின் எச்சங்களாக இன்றும் உள்ளன.

பொன் விளையும் பூமிக்குக் காவல் வேண்டுமல்லவா? தோட்டக்காரர் மதில் எழுப்பினர், காவலாளிகளை அமர்த்தினர். அங்கேதான் வினை விளைந்தது. 1872இல் மலாஸ்பீனாவில் இருந்த ஓர் எலுமிச்சைத் தோட்டத்தின் பொறுப்பை மருத்துவர் காஸ்பரே கலாத்தி ஏற்றார். நீராவியால் இயங்கும் நீர்ப்பம்பி அத்தோட்டத்தில் இருந்தது. பழம் விற்ற பணத்தில் ஒரு பங்கையும், பம்பிக்கு வாங்கிய நிலக்கரியையும் திருடியவன் வேறெவனும் அல்லன், அத்தோட்டத்தின் காவலாளியே. அவனை நீக்கி வேறொருவரை அமர்த்தியதும், அப்புதிய காவலாளி 1874இற் சுட்டுக் கொல்லப்பட்டார். மிரட்டல்கள் தொடரவே, 1875இற் கலாத்தி குடும்பத்தோடு நாப்பொலி நகருக்குப் பெயர்ந்து சென்று, நடந்தவற்றை எழுதி ரோமிலிருந்த உள்துறை அமைச்சருக்கு அனுப்பினார். மாஃபியா என்னும் கொடிய அமைப்பு வளர்ந்த வரலாற்றை ஆராய்வோர் எடுத்துக்காட்டும் நிகழ்ச்சிகளுள் இதுவும் ஒன்று.

வேலியே பயிரை மேய்ந்தால் விளைவது எங்கே என்று எம் முன்னோர் கேட்டது இதைத்தான். காவலுக்கு ஒன்றை அமர்த்தும் ஒவ்வொருவரும், அந்தக் காவலைக் காப்பது யார் என்ற வினாவையும் எழுப்ப வேண்டும். இயந்திரக் காவலாளிக்கும் இது பொருந்தும். அதனைப் பின்னர்ப் பார்ப்போம்.

கம்பியின்றிச் செய்தி செல்லும் வழிகள்

கமரா காண்பதை எம் கைத்தொலைபேசிக்குக் கொண்டுவர ஒரு பாதை வேண்டும். அது மண்ணுக்குள் புதைத்த கம்பியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கம்பியில்லாத் தந்திக்கு வழிகாட்டிய மார்க்கோனி, 1895இல் போலோஞா நகருக்கு அருகிலிருந்த தம் தந்தையாரின் இல்லத்திலேதான் தம் ஆய்வுகளைச் செய்தார். அவர் பிறந்த நாட்டிலே பயிலும் எம் பிள்ளைகள் இதனை அறிந்திருத்தல் நன்று.

முதலாவது வழி, சிம் அட்டை இடக்கூடிய கமரா. கைத்தொலைபேசி பேசும் அதே கோபுரத்தோடு இதுவும் பேசும். வாங்குமுன், தோட்டத்தில் நின்று கைத்தொலைபேசியில் எந்த நிறுவனத்தின் அலை நன்கு கிடைக்கின்றது என்று சோதித்து, அந்நிறுவனத்தின் சிம் அட்டையையே வாங்க வேண்டும். இத்தாலியில் மூன்றாம் தலைமுறை வலையமைப்புகள் 2021 முதல் நிறுத்தப்பட்டு வந்துள்ளன. ஆகையால் மலிவாகக் கிடைக்கின்றதென்று பழைய மூன்றாம் தலைமுறைக் கமராவை வாங்கி ஏமாறலாகாது. நான்காம் தலைமுறைக் கருவியே வேண்டும். சிம் அட்டையின் இரகசிய எண் பூட்டை முதலில் ஒரு தொலைபேசியில் இட்டு நீக்கிவிட வேண்டும். அந்த எண்ணை அழுத்தக் கமராவுக்குக் கையில்லை.

இரண்டாவது வழி, சிம் அட்டை இட்ட றூட்டர் என்னும் சிறு பெட்டி. இப்பெட்டி இணையத்தைப் பெற்றுச் சுற்றிலும் வைஃபை அலையாகப் பரப்பும். இரண்டு மூன்று கமராக்கள் வேண்டுமிடத்து இதுவே சிக்கனம். ஆனால் தகரக் கொட்டிலினுள் இதனை வைத்தால் அலை உட்புகாது. பெட்டி உள்ளேயிருந்தாலும் அதன் அலைவாங்கி வெளியே, உயரத்தில், கோபுரத்தை நோக்கி இருத்தல் வேண்டும்.

மூன்றாவது வழி, கம்பியில்லாப் பாலம். தோட்டத்திலிருந்து பார்த்தால் தெரியுமிடத்தில் இணையம் உள்ள வீடொன்று இருந்தால், அதன் கூரையில் ஓர் அலைவாங்கியும் கொட்டிலின் மேல் மற்றொன்றும் ஒன்றையொன்று நோக்குமாறு பொருத்தலாம். சில கிலோமீற்றர் தூரம் வரை இது வேலை செய்யும். மாதக் கட்டணமும் இல்லை. இதுவும் மார்க்கோனி காட்டிய வழியே. 1933இல் வத்திக்கானையும் ஏறத்தாழ 20 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள காஸ்தெல் கந்தோல்போவையும் அவர் இவ்வாறே நுண்ணலையால் இணைத்தார். இடையிலே மரமோ சுவரோ குறுக்கிடலாகாது. நீர் நிறைந்த இலைகள் அலையை விழுங்கிவிடும். இன்று தாழ்ந்து நிற்கும் தோடை மரம் நாளை உயரும் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

இம்மூன்றும் இயலாத பள்ளத்தாக்கிலே, படத்தை நினைவட்டையிற் பதித்து வைக்கும் கமராவே துணை. அது திருடனைத் தடுக்காது. வந்தவன் யார் என்று பிறகு சொல்லும், அவன் கமராவையும் எடுத்துச் செல்லாதிருந்தால்.

ஒரு கணக்கு

நாம் செய்த முதற் தவறு இங்கேதான். கமராவை இரவு பகலாகப் படம் அனுப்புமாறு விட்டுவிட்டோம். சில நாட்களிலேயே மாதம் முழுவதற்கும் வாங்கிய இணைய அளவு தீர்ந்து கமரா ஊமையாயிற்று.

மாணவர்களே, தாளும் பேனாவும் எடுத்துக் கொள்ளுங்கள். கமரா செக்கனுக்கு 2 மெகாபிற் அனுப்புவதாகக் கொள்வோம். 8 பிற் சேர்ந்தது 1 பைற். ஆகவே செக்கனுக்கு 0.25 மெகாபைற். ஒரு மணித்தியாலத்தில் 3600 செக்கன்கள். அதற்கு 900 மெகாபைற். ஒரு நாளுக்கு 21.6 கிகாபைற். முப்பது நாளுக்கு 648 கிகாபைற்! இனி, யாராவது அசைந்தால் மட்டும் 20 செக்கன் படம் அனுப்புமாறு அமைப்போம். ஒரு படத்துண்டுக்கு 5 மெகாபைற். நாளுக்கு 20 துண்டுகள் வந்தாலும் 100 மெகாபைற். மாதத்துக்கு 3 கிகாபைற் போதும். கேட்டபோது மட்டும் பேசும் காவலாளியே சிக்கனமான காவலாளி.

அசைவை எவ்வாறு அறிகின்றது? மனிதர், விலங்குகளின் உடற்சூட்டிலிருந்து எழும் அகச்சிவப்புக் கதிரை உணரும் சிறு கண் அதில் உண்டு. காற்றும் உடலும் ஒரே சூடாக இருக்கும் கடுங்கோடைப் பகலில் அக்கண் சற்று மங்கும். இரவிலே கமரா தானே அகச்சிவப்பு விளக்கேற்றிப் பார்க்கும். அவ்விளக்கை நாடிப் பூச்சி வரும். பூச்சியை நாடிச் சிலந்தி வந்து கண்ணுக்கு முன்னே வலை பின்னும். வலை ஆடும்போதெல்லாம் எம் தொலைபேசி அலறும். பொய்ச் சத்தம் பல கேட்ட காது, மெய்ச் சத்தத்தையும் அசட்டை செய்துவிடும். ஆதலால் கிழமைக்கு ஒருமுறை துடைப்பதும் காவலின் ஒரு பகுதியே.

சூரியனைக் கேட்டு வாங்கும் மின்சாரம்

கொட்டிலில் மின்சாரமும் இல்லையெனில் சூரியத் தகடும் பற்றரியும் வேண்டும். ஓயாது விழித்திருக்கும் கமராவும் றூட்டரும் சேர்ந்து 6 வாற்று உண்பதாகக் கொண்டால், 24 மணித்தியாலத்துக்கு 144 வாற்று மணி. இரண்டு நாள் மப்புக்கும் மழைக்கும் தாங்க 288 வாற்று மணியாவது பற்றரியில் இருக்க வேண்டும். அசைவு கண்டபோது மட்டும் விழிக்கும் கமராவுக்கோ சிறிய தகடே போதும்.

நாம் செய்த இரண்டாவது தவறு, தகட்டை ஊரிற் கண்டவாறு ஏறக்குறையப் படுக்கையாகப் பொருத்தியது. யாழ்ப்பாணம் வட அகலாங்கு 10 பாகைக்குச் சற்றுக் குறைவான இடத்தில் உள்ளது. பலெர்மோ 38 பாகையில் உள்ளது. டிசம்பர் 21ஆம் திகதி நண்பகலில் யாழ்ப்பாணத்துச் சூரியன் அடிவானிலிருந்து 57 பாகை உயரத்தில் நிற்கும். அன்று பலெர்மோவில் அது 28 பாகை அளவே எழும்பும். ஆகையால் இங்கே தகடு தெற்கு நோக்கி நன்கு நிமிர்ந்து நிற்க வேண்டும். கோடை வெயிலிற் குறைவிராது; மாரிகாலத்துக்கென்று சாய்வை அமைத்தால் ஆண்டு முழுதும் பிழைக்கலாம். சகாராப் பாலைவனத்துப் புழுதியைச் சுமந்து ஷிரோக்கோக் காற்று வீசிய மறுநாள் தகட்டையும் கமராக் கண்ணையும் கழுவ மறத்தலாகாது.

காவலைக் காப்பது யார்?

இனி, முன்னர் விட்ட வினாவுக்கு வருவோம். 2016ஆம் ஆண்டிலே மிராய் என்னும் தீய நிரல், இணையத்தோடு தொடுத்த கமராக்களிலும் றூட்டர்களிலும் பல்லாயிரக்கணக்கில் நுழைந்து, அவற்றையே படையாக்கி இணையத்தளங்களைத் தாக்கியது. அது பூட்டை உடைத்து நுழையவில்லை. தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லை உரிமையாளர் மாற்றாது விட்டிருந்தமையே அதற்குத் திறப்பாயிற்று. 1872இல் எலுமிச்சைத் தோட்டத்தில் நடந்ததே, 144 ஆண்டுகள் கழித்து வேறுருவில் நடந்தது. ஆகவே கமராவைப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை, நீண்ட புதிய கடவுச்சொல்லை இடுவதே. பிள்ளையின் பெயரும் பிறந்த ஆண்டும் கடவுச்சொல் ஆகா.

கமரா எதைப் பார்க்கலாம் என்பதற்கும் எல்லையுண்டு. பொதுத்தெருவையும் அயலவர் முற்றத்தையும் நோக்கி அதனைத் திருப்பலாகாது. தொழில் நடக்கும் இடமாயின், கமரா இருப்பதை அறிவிக்கும் பலகை, உள்ளே வருபவர் அதன் பார்வைக்குட்படுமுன் காணுமாறு இருக்க வேண்டும். தொழிலாளர் பணிபுரியும் பண்ணையாயின் சட்டம் மேலும் கண்டிப்பானது. 1970ஆம் ஆண்டு மே 20ஆம் திகதிய 300ஆம் இலக்கச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, தொழிலாளரை வேவு பார்ப்பதற்கென்றே கமரா வைப்பதை இத்தாலியில் அனுமதிப்பதில்லை. உடைமையைக் காப்பதற்கென வைப்பதாயினும், தொழிலாளரையும் அது காணக்கூடுமாயின், தொழிற்சங்கப் பிரதிநிதிகளின் உடன்பாடோ தொழிற் பரிசோதனை அலுவலகத்தின் அனுமதியோ முன்கூட்டியே பெறவேண்டும். பிறரிடம் பணிபுரிந்து வாழும் எம்மவர் இச்சட்டத்தை இருபுறமும் அறிந்திருக்க வேண்டும்: நாம் கமரா வைக்கும்போதும், எம்மை நோக்கிக் கமரா வைக்கப்படும்போதும்.

இன்னொன்றையும் பெற்றோருக்குச் சொல்ல வேண்டும். நள்ளிரவிலே தொலைபேசி அலறினால், தடியை எடுத்துக் கொண்டு தனியே தோட்டத்துக்கு ஓடாதீர்கள். 112ஐ அழையுங்கள். பம்பி போனால் இன்னொன்று வாங்கலாம்.

நிறைவாக

அந்தத் தோட்டத்தில் இப்போது கமரா ஒன்று தென்திசைத் தகட்டின் கீழ் நிற்கின்றது. கடவுச்சொல்லை மாற்றியதும் இணைய அளவைக் கணக்கிட்டதும் அவ்வீட்டின் பதின்மூன்று வயது மகள். அதனை எங்கே வைப்பதென்று காட்டியவர் அவளுடைய பாட்டனார். திருடன் எந்தப் பக்கத்தால் வருவான், நாய் எந்த வேலிப் பொட்டால் நுழையும், மாலை வெயில் எங்கே கண்ணைக் குத்தும் என்பன ஊரிலே பரணில் விழித்திருந்த அவருக்குத் தெரியும். இத்தாலிய மொழியில் இருந்த கையேட்டைப் பேத்தி படித்துத் தமிழிற் சொல்ல, பாட்டனார் தம் காவல் அனுபவத்தைத் தமிழிற் சொன்னார். இருவரையும் இணைத்த மொழி வீட்டில் இல்லாதிருந்தால் அந்தக் கமரா இன்றும் பெட்டியிலேயே கிடந்திருக்கும், அல்லது தவறான மூலையைப் பார்த்துக் கொண்டிருக்கும்.

சனிக்கிழமைகளில் நித்திரையைத் துறந்து தமிழ் படிக்க வரும் எம் மாணவச் செல்வங்கள் இதனை எண்ணிப் பார்ப்பார்களாக.