பெண்ட் பைப்புக்கு எந்த போல்ட்?

ஓசூர் டிவிஎஸ் ஆலையில் உருவாகும் அப்பாச்சிக்கு வெளிக் கம்பெனி எக்ஸாஸ்ட் பெண்ட் பைப் மாட்ட நினைப்பவருக்கு, தலையில் 12.9 என்று பொறித்த போல்ட்தான் உசத்தி என்று தோன்றும். அது சதுர மில்லிமீட்டருக்கு 1,200 நியூட்டன் இழுவையைத் தாங்கும், 8.8 தாங்குவது 800தான். ஆனால் 12.9-இன் பலம் சூடாக்கிப் பதப்படுத்தியதில் வந்தது. 400 டிகிரியை நெருங்கினால் அந்தப் பலம் இறங்கத் தொடங்கும். போல்ட் ஏறும் சிலிண்டர் ஹெட்டோ அலுமினியம். வெறியோடு முறுக்கினால் போல்ட் உடையாது, ஹெட்டின் மரைதான் போகும். துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் போடலாமே என்பார்கள். போடலாம், ஆனால் நட்டும் அதே உலோகமென்றால் இரண்டும் கவ்விக்கொள்ளும், ஆன்டி-சீஸ் பசை அவசியம், பசை தடவினால் டார்க்கும் குறைய வேண்டும். என் தேர்வு 8.8 ஸ்டட், செம்பு நட். எம்8 மரையில் 1.25, 1.0 என இரு பிட்ச் உண்டு, மாறிப் போட்டால் ஏறாது. கையால் ஏறாததை ஸ்பேனரால் ஏற்றாதீர்கள்.