ஓட்டக் கற்றோம், ஒட்டவும் கற்போம்!

முள் சிறியது, அது தரும் தொல்லையோ பெரியது. பள்ளிக்குப் புறப்படும் நேரத்தில் சைக்கிள் டயர் தரையோடு அமுங்கிக் கிடந்தால் இவ்வுண்மை நன்கு விளங்கும்.

கால்நடை மருத்துவரான ஜான் பாய்டு டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காக உருவாக்கிய காற்றடைத்த டயருக்கு 1888ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார். சவாரி சுகமாயிற்று, கூடவே பஞ்சரும் பிறந்தது!

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில், அறிவொளி இயக்கத்தின் வழியே ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றனர். 2001-02 கல்வியாண்டில் தமிழக அரசு, மேல்நிலை வகுப்பில் பயிலும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கு இலவச சைக்கிள் வழங்கத் தொடங்கியது. பின்னர் மற்றவர்க்கும் அத்திட்டம் விரிந்தது. சைக்கிள் நின்றால் சில வீடுகளில் பெண்ணின் படிப்பும் அன்று நின்றுவிடும். ஆகவே, ஓட்டக் கற்ற நாம் ஒட்டவும் கற்க வேண்டாமா?

வீட்டில் பஞ்சர் ஒட்டும்போது நாம் படும் தொல்லைகள் யாவை?

முதலாவது, பஞ்சரே இல்லாதிருக்கலாம். பழைய வகை வால்வில் ‘வால்டியூப்’ என்னும் மெல்லிய ரப்பர்க் குழாய் உண்டு. அது நைந்தாலும் காற்று இறங்கும். காற்றடித்து, வால்வின் வாயில் ஒரு சொட்டு நீர் விட்டுப் பார்ப்போம். குமிழி வந்தால் வால்டியூபை மாற்றினால் போதும்.

இரண்டாவது, டயரைக் கழற்றக் கூர்மையான ஸ்குரூ டிரைவரை விடுகிறோம். அது ட்யூபைக் கிள்ளி, ஒரு ஓட்டையை மூன்றாக்கிவிடும். முனை மழுங்கிய நெம்புகோலே நல்லது.

மூன்றாவது, தண்ணீரில் அமுக்கிக் கண்ட ஓட்டை, துடைத்ததும் மறைந்துவிடும். கண்டவுடனே அடையாளமிட வேண்டும். ஒன்று கிடைத்ததும் நின்றுவிடாமல் ட்யூப் முழுவதையும் சோதிக்க வேண்டும்.

நான்காவது அவசரம். உப்புத்தாளால் தேய்த்து, சொலூஷனை மெல்லியதாகத் தடவிய பின் சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். ஈரம் உலர்ந்து, பளபளப்பு மங்கிய பிறகே பேட்ச் உறுதியாகப் பிடிக்கும். ஈரத்தில் ஒட்டியது காற்றடித்ததும் பெயர்ந்துவிடும்.

ஐந்தாவதே எல்லாவற்றிலும் பெரிது. ட்யூபை ஒட்டுகிறோம், டயருக்குள் முறிந்து நிற்கும் முள்ளை மறந்துவிடுகிறோம்! மறுநாளும் அதே இடத்தில் பஞ்சர். டயரின் உட்புறத்தைத் துணியால் மெதுவாகத் தடவினால் முள் துணியில் மாட்டிக்கொள்ளும். அதை எடுத்தெறிய வேண்டும். ரிம்மினுள் இருக்கும் ரப்பர்ப் பட்டை கிழிந்திருந்தால், கம்பிகளின் முனையும் ட்யூபைக் குத்தும்.

நம் திருமுருகன்பூண்டிச் சிற்பக்கூடங்களைப் பாருங்கள். அங்கே எந்த உளியும் அவசரப்படுவதில்லை. பஞ்சர் ஒட்டவும் அந்தப் பொறுமையே தேவை.

தோழியரே! இரவு செபத்தில் ஆன்ம சோதனை செய்கிறோம். அங்கும் இதே பாடந்தான். மேலே ஒட்டுப் போட்டால் போதாது. உள்ளே தைத்திருக்கும் முள்ளையும் தேடி நீக்க வேண்டும். கறுத்த கைகளுக்காக வெட்கப்பட வேண்டாம், சோப்பிட்டால் போய்விடும். கற்ற தொழிலோ என்றும் நம்மோடிருக்கும்.