நான்கு நரம்பும் ஒரு பலாப் பலகையும்

இலக்கிய நிகழ்ச்சியிலே தச்சுவேலைக்கு என்ன இடம் என்று நேயர்கள் கேட்கலாம். யாழுக்கெனத் தனிநூல் கண்ட மொழி நம்முடையது. விபுலாநந்த அடிகளின் ‘யாழ் நூல்’ 1947இல் வெளிவந்தது. நரம்பின் நீளத்துக்கும் சுரத்துக்கும் உள்ள கணக்கை நான் ஏட்டிலே படித்திருந்தேன். அதைக் கையால் அறிந்தது ஓர் உக்குலேலேயைச் செய்தபோதுதான்.

உக்குலேலே, நான்கு நரம்புகளையுடைய, சிறிய கிற்றார் போன்ற ஹவாய்த் தீவு வாத்தியம். 1879 ஆகஸ்டில் ‘ரேவன்ஸ்கிராக்’ என்னும் கப்பலில் மதேராத் தீவுப் போர்த்துக்கேயர் ஹொனலுலுவில் வந்திறங்கினர். அவர்களுள் மானுவெல் நூனெஸ் முதலிய மூன்று தச்சர்கள், தம் ஊர்ச் சிறு நரம்பு வாத்தியத்தை அடியொற்றி, அங்குள்ள ‘கோவா’ மரத்தில் இதனைச் செய்தனர். ‘குதிக்கும் தெள்ளு’ என்று பெயருக்குப் பொருள் கூறுவர்.

கோவா மரம் நமக்கு ஏது? வீணைக்கு உகந்த பலா இருக்கிறதே! என்னிடம் இருந்தது தந்தையாரின் பழைய பெட்டக மூடிப் பலகை ஒன்றே. கெட்டால் மாற்று இல்லை. அதைத் தகடுகளாக அறுத்து, மேற்பலகையை ஏறத்தாழ இரண்டு மில்லிமீற்றருக்குச் சீவினேன். தடித்தால் ஒலி அடங்கிவிடும். மெலிந்தால் நரம்பின் இழுவைக்குப் பலகை வளையும். அதனால் விரலால் தட்டிக் கேட்டுக் கேட்டே சீவ வேண்டும். பக்கத் தகடுகளை நீரில் ஊறவைத்து, சூடேறிய இரும்புக் குழாயில் அழுத்தி வளைப்பது முறை. அவசரப்பட்டேன், முதல் தகடு இடையிலே முறிந்தது. எஞ்சியது இன்னொரு தகடுக்கு மட்டுமே போதுமானது. அடுத்த தடவை, மரம் தானாக இளகும்வரை பொறுத்திருந்தேன்.

மெட்டுகளுக்குக் கணக்கு வேண்டும். நரம்பின் நீளத்தை 17.817ஆல் வகுத்தால் முதல் மெட்டின் தூரம் வரும். மிகுதியை மீண்டும் அவ்வாறே வகுக்க வேண்டும். என் வாத்தியத்தில் நரம்பு 345 மில்லிமீற்றர். முதல் மெட்டு 19.4, அடுத்த இடைவெளி 18.3. இப்படிக் குறுகிக் குறுகி, பன்னிரண்டாம் மெட்டு சரிபாதியில், 172.5இல் வந்து நிற்கும். அங்கே அதே சுரம் மேல்தாயியில் ஒலிக்கும்.

நைலோன் நரம்புகளைப் பூட்டி, அந்தப் பாதியிலே விரல் வைத்து மீட்டினேன். சுரம் பிசகவில்லை. பெட்டகத்தின் ஆணித்துளை ஒன்று பின்பலகையில் இருந்தது. அதை மரமுளையால் அடைத்தேன், மறைக்கவில்லை.