அப்பாவின் சைக்கிளுக்குப் புதுச் சாயம் எதற்கு?

தீபாவளி நெருங்கினால் வீட்டுச் சுவருக்குச் சாயம் அடிக்கிறோம். நல்ல பழக்கம்தான். ஆனால், மிச்சமிருக்கும் சாயத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, வீட்டின் பின்புறம் சாய்ந்து நிற்கும் பழைய சைக்கிளின் பக்கம் போகிறீர்களா? சற்று நில்லுங்கள், வாசகர்களே!

அந்தச் சைக்கிள் யாருடையது? அப்பாவுடையதா, தாத்தாவுடையதா? விடியுமுன் பிரட்டுக்குப் போனதும், பால் வாளியைக் கட்டிக்கொண்டு கொட்டகைக்கு வந்ததும், காய்ச்சல் கண்ட பிள்ளையை மருந்தகத்துக்குக் கொண்டு ஓடியதும் அதில்தானே? தோட்டத்தை விட்டு வெளியேறி, மாக் மண்டின் போன்ற தொழிற்பேட்டைப் பகுதிகளில் வேலை தேடி வந்த குடும்பங்கள், சட்டி பானையோடு சைக்கிளையும் அல்லவா கொண்டு வந்தன!

அதை ஒருமுறை உற்றுப் பாருங்கள். குறுக்குக் கம்பியில் ஓரிடத்தில் கறுப்புச் சாயம் தேய்ந்து இரும்பு தெரிகிறதா? பிள்ளையை முன்னால் உட்காரவைத்து ஓட்டிய இடமாக இருக்கலாம். கேரியரில் கீறல்களா? வாளி உரசிய தடமாக இருக்கலாம்.

ஒரு மகன், அப்பாவை மகிழ்விக்க நினைத்து, சைக்கிளைச் சுரண்டிப் பளபளவென்று சாயம் அடித்து வாசலில் நிறுத்துகிறான் என்று வைத்துக்கொள்வோம். அப்பா அதைச் சுற்றிச் சுற்றி வருகிறார். கடைசியில், “நல்லாத்தான் இருக்குப்பா... என் சைக்கிள் எங்கே?” என்று கேட்கிறார். மகன் என்ன பதில் சொல்வான்?

சுவரில் ஒரு சைக்கிள்

நீரிணைக்கு அக்கரையில், ஜார்ஜ்டவுனின் ஆர்மீனியன் தெருவுக்குப் போயிருக்கிறீர்களா? லித்துவேனியா நாட்டு ஓவியர் எர்னஸ்ட் ஜக்காரெவிச், 2012-ஆம் ஆண்டில் அங்கே ஒரு சுவரில் அக்காளும் தம்பியுமாக இரண்டு பிள்ளைகளை வரைந்தார். பிள்ளைகள் ஓவியம், அவர்கள் ஏறியிருக்கும் சைக்கிளோ நிஜம்! பழைய சைக்கிள் ஒன்றைச் சுவரோடு சேர்த்துப் பொருத்திவிட்டார். வெளிநாட்டார் வரிசையில் நின்று அதனருகே படம் எடுத்துக்கொள்கிறார்கள். புத்தம் புதுச் சைக்கிளை அங்கே மாட்டியிருந்தால் அந்த அழகு வந்திருக்குமா? அப்படிப்பட்ட அழகு நம் வீட்டுப் பின்புறத்திலேயே இருக்கிறது. நாம்தான் அதைப் பழைய இரும்பு என்கிறோம்.

எது அழுக்கு? எது வயது?

அழுக்கும் துருவும் எதிரிகள். தேய்ந்த சாயமும் மங்கிய பொன் கோடும் எதிரிகள் அல்ல. அவை வண்டியின் வயது. முன்னதைப் போக்கிப் பின்னதைக் காப்பதுதான் இந்த வேலையின் சூட்சுமம்.

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமிலிருந்து வந்த ராலே போன்ற வண்டிகளுக்கு எனாமல் பூசி, சூட்டில் வைத்துக் காயவைத்தார்கள். டப்பாவில் வாங்கி வீட்டில் அடிக்கும் சாயம் அதற்கு ஈடாகாது. கம்பெனிப் பெயரோ மெல்லிய படலமாக ஒட்டப்பட்டது. புதுச் சாயத்தை என்றைக்கு வேண்டுமானாலும் அடிக்கலாம். சுரண்டிப் போட்ட பழைய சாயத்தை எந்தக் கடையில் போய் வாங்குவது?

துடைக்கும் முறை

முதலில் தண்ணீரைத் தொடாதீர்கள். மெல்லிய பிரஷ் கொண்டு தூசியைத் தட்டுங்கள். மண்துகள் இருக்கும்போது தேய்த்தால் சாயத்தில் கீறல் விழும்.

மரம் வெட்டியவரின் சைக்கிள் என்றால் காய்ந்த பால் ஒட்டியிருக்கும். கத்தி வேண்டாம், விரலால் மெல்ல உருட்டி உரியுங்கள். பாலை உறையவைக்கும் ஃபார்மிக் ஆசிட் இரும்பை அரிக்கும். ஆகவே, கேரியரையும் பின் மட்கார்டையும் நன்றாகப் பாருங்கள்.

அடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு விடுங்கள். பழைய பனியன் துணியை நனைத்துப் பிழிந்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில் முதலில் துடைத்துப் பாருங்கள். துணியில் அழுக்கு வந்தால் தொடரலாம். சாயமே வந்தால் உடனே நிறுத்துங்கள். எழுத்தும் பொன் கோடும் உள்ள இடங்களில் உலர்ந்த துணி போதும். குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்காதீர்கள். பால்ரஸ் உள்ள இடங்களில் நீர் புகுந்து துருவேறும். துடைத்ததும் ஈரம் போக ஒற்றி, நிழலில் உலர்த்துங்கள்.

செயினில் உறைந்த எண்ணெய்ப் பிசுக்குக்கு மண்ணெண்ணெய் நல்லது. ஆனால் அடுப்பின் பக்கம் வைத்துச் செய்யாதீர்கள். எழுத்தின் மேல் படவும் விடாதீர்கள். தின்னரை அறவே மறந்துவிடுங்கள்.

சாயத்தின் மேல் துருப் புள்ளியா? தையல் எந்திர எண்ணெய் ஒரு சொட்டு வைத்து, ஓர் இரவு ஊறவிட்டுத் துணியால் தேயுங்கள். மணல்தாள் கூடவே கூடாது. பழைய சாயங்களில் ஈயம் கலந்திருக்கலாம். அந்தத் தூள் பிள்ளைகளுக்கு விஷம்! கைப்பிடி, ரிம் போன்ற குரோம் பூசிய பாகங்களில் அலுமினியத் தாளைக் கசக்கி, நீரில் நனைத்து மெதுவாகத் தேயுங்கள். அலுமினியம் குரோமைவிட மென்மையானது. துரு போகும், பூச்சு நிற்கும்.

முகப்பில் உள்ள பித்தளைத் தகட்டைக் கண்டதும் புளியை எடுத்துவிடாதீர்கள், அம்மா! குத்துவிளக்குக்குப் புளி சரி. தகட்டில் உள்ள வண்ணத்தையோ அது தின்றுவிடும். உலர்ந்த துணியே அதற்குப் போதும்.

காக்கும் முறை

சுத்தமானதும் அரைக்கும் பொடி கலவாத சாதாரண மெழுகை மெல்லியதாகப் பூசித் துடையுங்கள். இரும்பு தெரியும் இடங்களுக்கும் அதுவே காவல். நம் நாட்டு ஈரக் காற்றும், பட்டர்வொர்த் பக்கத்துக் கடற்கரை உப்பும் சேர்ந்தால் துருவுக்குக் கொண்டாட்டம். அதனால் சில மாதங்களுக்கு ஒருமுறை மறுபடி பூசுங்கள். வார்னிஷ் வேண்டாம், அது மஞ்சளாகி உரிந்து போகும்.

தோல் சீட்டில் எண்ணெயைக் கொட்டினால் தொய்ந்துவிடும். பூஞ்சையைத் துணியால் துடைத்து நிழலில் காற்றாட விடுங்கள். பிளாஸ்டிக் உறை போட்டால் உள்ளே வியர்க்கும். பழைய சேலையே நல்ல போர்வை. டயர் சிமெண்டில் படாமல் பலகை மேல் நிறுத்துங்கள்.

ஓட்டப் போகிறீர்களா? பிரேக் ரப்பர், டயர், செயின் தேய்ந்திருந்தால் தயங்காமல் மாற்றுங்கள். உயிரைவிடப் பழமை பெரிதல்ல. கழற்றியதை மட்டும் ஒரு பையில் போட்டு வையுங்கள். ஒரு காலத்தில் சைக்கிளுக்கும் லைசென்ஸ் தகடு உண்டு. அது ஒட்டிக்கொண்டிருந்தால் அப்படியே இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. அப்பா இருக்கிறார் என்றால், துடைக்கும்போது அவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். “இந்தக் கீறல் எப்படி வந்தது?” என்று கேளுங்கள். அவர் சொல்வதைப் பிள்ளைகளை விட்டு ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். தோட்டம் போய்விட்டது, லயம் இடிந்துவிட்டது என்று வருந்துகிறோமே! அந்த வாழ்க்கையின் ஒரு துண்டு இரண்டு சக்கரங்களோடு நம் வீட்டில் நிற்கிறது. அதன் மேல் சாயம் அடித்து, நாமே அதை மறைக்கலாமா?