கணினியின் சம்பவத் திரட்டு



பாடசாலையின் சம்பவத் திரட்டுப் புத்தகத்தை நாள்தோறும் எவரும் புரட்டிப் பார்ப்பதில்லை. ஆனால், பிணக்கோ விபத்தோ நேர்ந்தவிடத்து முதற்கண் தேடப்படுவது அதுவே. கணினிக்கும் அத்தகைய புத்தகம் ஒன்று உண்டு. இன்ன நேரத்தில் இன்னார் உட்புகுந்தார், இன்ன சேவை தடைப்பட்டது என அதில் ஓயாது எழுதிவரும் இலிகிதரே பதிவு நிரல்.

லினக்ஸ் இயங்குதளத்தைப் பல குழுவினர் தத்தமக்கேற்பத் தொகுத்து வெளியிடுகின்றனர். தொகுப்பில் எந்தப் பதிவு நிரலை முன்கூட்டியே அமர்த்துவது என்பது சிறு வினாவன்று. ஏனெனில், அமர்த்தப்பட்டதைப் பெரும்பாலோர் மாற்றுவதில்லை.

டெபியன் தொகுப்பின் வரலாறு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1980களில் பேர்க்கிலிப் பல்கலைக்கழகத்தில் எரிக் ஓல்மன் என்பார், தமது அஞ்சல் நிரலுக்குத் துணையாகச் சிஸ்லொக் முறையை ஆக்கினார். அதன் வழிவந்த பழைய நிரலுக்குப் பதிலாக, 2009இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பில் ஆர்சிஸ்லொக் அமர்த்தப்பட்டது. இப்புதிய இலிகிதர் பழையவரின் ஒழுங்குவிதிகளைப் படித்து நடக்க வல்லவர். குறிப்புக்களைத் தொலைவிலுள்ள கணினிக்கு நம்பகமாக அனுப்பவும் வல்லவர்.

2011இல் சிஸ்டம்டி குழுவினர் ஜேர்னல் என்னும் வேறொரு முறையை அறிவித்தனர். ஆர்சிஸ்லொக் வழக்கமாக எழுதுவது வெற்றெழுத்து, எக்கருவியாலும் வாசிக்கலாம். ஜேர்னல் எழுதுவதோ இரும வடிவம். அதனை வாசிக்க அதற்கென அமைந்த கருவி வேண்டும். எனினும், நேரத்தைக்கொண்டோ சேவையைக்கொண்டோ வேண்டிய குறிப்பை விரைவிற் பொறுக்கியெடுக்கலாம். டெபியனில் இரண்டும் ஒருங்கே இயங்கியபோது ஒரே செய்தி இருமுறை எழுதப்பட்டது. 2023இல் வெளிவந்த பன்னிரண்டாம் பதிப்பு முதல் ஆர்சிஸ்லொக் தானாக நிறுவப்படுவதில்லை, வேண்டுவோர் நிறுவிக்கொள்ளலாம்.

இவற்றுள் எது சிறந்தது? திரட்டு பயன்படுவது கணினி நலமாயிருக்கும் நாளிலன்று. அது வீழ்ந்த நாளிலாகும். அன்று அதனை வாசிப்பவர் யார், எக்கருவி கொண்டு வாசிப்பார் என்பதே உரைகல். வீட்டுக் கணினி ஒன்றுக்கு ஜேர்னல் போதும். பல கணினிகளைப் பரிபாலிப்பவரோ பிரதியொன்றை வெற்றெழுத்தாக வேறிடத்திற் சேர்த்தல் நன்று. ஏனெனில், கள்ளத்தனமாய்ப் புகுந்தவன் முதலில் அழிக்க முனைவது தன் சுவட்டையே. வேறிடத்துப் பிரதி அவன் கைக்கு எளிதில் எட்டாது.

எதனை அமர்த்தினும், இடர் வருமுன் அதனை ஒருமுறை வாசித்துப் பழகுதல் வேண்டும். வாசிக்கத் தெரியாத திரட்டு, எழுதப்படாத திரட்டேயாகும்.