பிரயாணத்தில் வாடிய ஒட்டு மாங்கன்றுகளைத் தேற்றும் முறை

மிகுந்த பொருள் செலவிட்டுத் தருவிக்கப்படும் ஒட்டு மாங்கன்றுகளில் பல, தோட்டம் வந்து சேர்ந்த இரண்டொரு வாரங்களில் பட்டுப்போகின்றன. நர்ஸரிக்காரர் மோசம் செய்துவிட்டார் என்பதே அப்போது எங்கும் சொல்லப்படும் குறை. சிற்சில இடங்களில் அது மெய்யாகவும் இருக்கலாம். ஆயினும் யான் பார்த்த வரையில், லாரியினின்று உயிரோடு இறங்கி நம் நிலத்தில் மடியும் கன்றுகளே அதிகம்.

லாரியின் வேகக் காற்று இலைகளிலுள்ள ஈரத்தை ஓயாது வாங்கிவிடுகின்றது. குலுக்கலினால் தாய்மண் உடைந்து, சல்லிவேர்கள் அறுபடுகின்றன. ஆகவே இலை இழக்கும் ஜலத்தை வேர் ஈடு செய்ய இயலாமற் போகின்றது. இந்நிலையில் குடங்குடமாக ஜலம் வார்ப்பது நம்மவர் வழக்கம். பையிலுள்ள மண் சேறானால் காற்றோட்டமின்றி வேர் அழுகும். அழுகிய வேருடைய கன்றும் தாகமுற்ற கன்றைப் போலவே தலை தொங்கி நிற்குமாதலால், மேலும் ஜலம் வார்த்து அதைக் கொன்றுவிடுகிறோம். விரலை இரண்டு அங்குலம் மண்ணுள் செலுத்திப் பார்த்து, காய்ந்திருந்தால் மாத்திரம் வார்த்தல் வேண்டும். இலைகளின்மீது காலை மாலை பூவாளியால் தெளிப்பது நலம்.

கன்றுகளை இறக்கும்போது தண்டைப் பிடித்துத் தூக்கலாகாது; ஒட்டு விட்டுப்போகும். பையோடு தாங்கி இறக்கி, தென்னங்கீற்றுப் பந்தலின்கீழ் காற்று மோதாத இடத்தில் நெருக்கமாக அடுக்கி, பத்துப் பதினைந்து நாள் வைத்திருக்கவும். பின்னர் காலை வெயிலைச் சிறிது சிறிதாகக் காட்டிப் பழக்கவும். வந்த அன்றே குழியில் நட அவசரப்படுவதும், தேறட்டுமென்று யூரியா இடுவதும் கூடா. புண்பட்ட வேருக்கு உரம் விஷம்.

வழிப்பயணத்தின் தொல்லை நமக்கு மட்டும் உரியதன்று. 1860-ஆம் ஆண்டில் மார்க்கம் என்பவர் தென் அமெரிக்காவினின்று கண்ணாடிப் பெட்டிகளில் கொண்டுவந்த சிங்கோனாச் செடிகள், செங்கடலின் உஷ்ணத்தைக் கடந்து நீலகிரியை அடைந்தும் பிழைக்கவில்லை. மறு ஆண்டு வந்த வேறொரு தொகுதியே அங்கு தழைத்தது.

இலையெல்லாம் உதிர்ந்த கன்றை உடனே எறிந்துவிட வேண்டாம். ஒட்டுக்கு மேலே பட்டையை நகத்தால் இலேசாகச் சுரண்டிப் பார்க்கவும். உள்ளே பச்சை தோன்றினால் உயிர் உண்டு, பொறுத்திருக்கலாம். பழுப்பாக உலர்ந்திருந்தால் மேற்பாகம் மாண்டதென அறிக. இங்கேதான் பெருநஷ்டம் ஒளிந்திருக்கிறது. மேற்பாகம் மாண்டபின் அடியிலுள்ள நாட்டுச்செடி துளிர்ப்பதைக் கண்டு, கன்று பிழைத்ததென உடையவர் மகிழ்கிறார். பல வருஷம் வேலியிட்டு ஜலம் இறைத்தபின், பங்கனப்பள்ளிக்குப் பதிலாகப் பெயரறியாப் புளிப்புக் காயே கிடைக்கும். ஒட்டுக்குக் கீழ்த் தோன்றும் துளிர்களை அவ்வப்போது கிள்ளிவிடுவதும், மேலே துளிர்க்காத கன்றுகளைக் கழித்து வேறு வைப்பதுமே தகும்.

புதுத்துளிர் முற்றிய பின், மந்தாரமான நாளிலோ மாலையிலோ நடலாம். பையைப் பிளேடினால் கீறி, மண் உடையாமல் எடுத்து, ஒட்டுப்பாகம் தரைக்கு மேல் நன்கு தெரியும்படி வைத்து, முளைக்குச்சியில் கட்டவும். ஒட்டில் சுற்றிய பாலிதீன் நாடாவை, ஒட்டு நன்கு கூடியதும் அவிழ்க்கத் தவறினால், தண்டு பருக்கையில் அதை நெரித்துவிடும். இளங்கன்றில் பூங்கொத்து எழுந்தால் கிள்ளிவிட மனம் வராது. எனினும் கிள்ளியே ஆகவேண்டும்.

கிராமத்துக்கு மொத்தமாகக் கன்றுகள் வருமிடத்து, லாரி வரும் நாளைக் கிராம உத்தியோகஸ்தர்கள் முன்னதாகத் தெரிவிப்பாராயின், உடையவர்கள் பந்தலை அதற்குள் போட்டுவைக்க ஏதுவாகும்.